தூக்கினால் கால் வராத மேசை

முழங்காலை மாற்றிவிடலாம் என்று பெங்களூர் டாக்டர் சொன்னபோது நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். பழசைத் திருப்பித் தருவீங்களா என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் மகனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா தரையில் உட்காரக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது, தண்ணீர், மாத்திரை, கண்ணாடி, போன் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும் என்றார்.

எங்கள் வீட்டில் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பது லைட்டு சுவிட்சு மட்டும்தான். மற்றதெல்லாம் தரையில் இருக்கும், இல்லாவிட்டால் பரண்மேல் இருக்கும். சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத்து ஆட்களுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு. முன்னறையில் ஒரு கட்டிலைப் போட்டால் மிச்சம் இருப்பது நடக்கிற இடம். அந்த நடக்கிற இடத்தில்தான் சாப்பிட்டோம், பிள்ளை வளர்த்தோம், சண்டையும் போட்டோம்.

திரும்பி வரும் ரயிலில் மகன் சொன்னான். "ராபர்ட்சன்பேட்டையில சின்னதா ஒரு மேசை வாங்கிடலாம்மா."

அவன் சொன்னது என்னிடம். பதில் என் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது.

"கடையில விக்கிறது மேசையா? மரத்தூள புட்டு மாதிரி அவிச்சி அமுக்கி வெச்சிகீறான். ஒரு சொம்பு தண்ணி கொட்டினா உப்பிக்கும். நான் செஞ்சி தரன். ஒரு ஆணி இருக்காது."

"ஆணி இருந்தா நான் ஒன்னியும் கோவிச்சிக்க மாட்டேன்" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்?"

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் டிம்பர்மேன். தங்கம் தோண்டுகிறவர்கள் பாறையைக் குடைந்துகொண்டே போவார்கள். குடைந்த இடத்தில் மேல்பாறை தலையில் இறங்காமல் இருக்க, இரண்டு பக்கமும் மரக்கால் நட்டு, குறுக்கே ஒரு உத்திரம் ஏற்றி முட்டுக்கொடுப்பது இவர் வேலை. ஆணி கிடையாது. உத்திரத்தில் பொளி வெட்டி, காலின் தலையை அதில் உட்காரவைத்து, சந்தில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். மீதியை மலை பார்த்துக்கொள்ளும். மேலேயிருந்து எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுகும். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இவர் மட்டும் இன்னும் மேலே ஏறி வரவில்லை.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு ஒரு வேலை இருந்தால் டிவி ரிமோட் என் கைக்கு வருமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் ஆச்சரியம் மரம். வேம்பு வரும், பலா வரும் என்று பார்த்தால், சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது தைல மரம். எங்கள் பக்கம் அதை நீலகிரி மரம் என்போம். அடுப்புக்கு வாங்குவோம், பந்தலுக்குக் கால் நடுவோம். அதில் யாரும் மேசை செய்து நான் பார்த்ததில்லை. வெயில் பட்டால் முறுக்கிக்கொள்ளும், மழை பட்டால் வெடிக்கும்.

"இத்த ஏன் எடுத்தாந்தீங்க?"

"இது பேசற மரம்."

"வீட்ல பேசறதுக்கு நான் ஒருத்தி போதாதா?"

"தே, கேளு. கீழ லெவல்ல தேக்கு வெச்சா கம்முனு நிக்கும், திடீர்னு ஒடியும். ஆள் காலி. இது அப்டி இல்ல. எடை தாங்கலன்னா மொதல்ல முனகும். கிர்ருனு கேக்கும். அதுக்குள்ள ஓடிப் பூடலாம்."

"கட்டில் பக்கத்துல இன்னா மலையா கீது, ஓடறதுக்கு? சொம்பு கீது. சொம்பு வுழுதுன்னு தெரிஞ்சாலும் நான் ஓட முடியாது. அதுக்குத்தான் ஆபரேஷன்."

அவர் உளியைத் தீட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த நடக்கிற இடமும் போனது. காலால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கொட்டாப்புளியால் உளியின் தலையில் தட்டித் தட்டி, காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எழ மாட்டார். இழைத்த சுருள் அரிசியில் இருந்தது, என் தலையில் இருந்தது, ஒரு நாள் குழம்பிலும் இருந்தது. அவர் அதைக் கறிவேப்பிலை மாதிரி ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். வீடு முழுக்கத் தைல வாசனை. தெருவில் போகிற பெண்கள் எட்டிப் பார்த்து யாருக்குச் சளி என்று கேட்டார்கள்.

கால்களை அவர் நேராக வைக்கவில்லை. மேலே ஒடுங்கி, கீழே அகன்று நின்றன. பால் கறக்கும்போது உதைக்கத் தயாராக நிற்கிற மாடு மாதிரி. மேல்பலகை ஒரு தாம்பாளம் அளவு, கால்கள் பிடித்த இடம் பாய் அளவு. அந்தச் சின்ன அறையில் யார் போனாலும் சுண்டுவிரலில் இடித்துக்கொண்டார்கள்.

"நேரா நிக்க வெச்சா இன்னா?"

"நேரா வெச்சா சாயும். இப்டி வெச்சாத்தான் எடை கால் வழியா எறங்கி தரைக்குப் போவும்."

எடை தரைக்குப் போகிறது என்றதும் அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. சுத்தியலையும் கல் உளியையும் எடுத்துக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் மரக்கால் நழுவாமல் இருக்கக் கீழ்ப்பாறையில் சின்னதாகக் குழி வெட்டி அதில் ஊன்றுவார்களாம். என் சிமெண்டுத் தரையில் நாலு குழி போட வேண்டுமாம்.

நான் நாற்காலியை இழுத்து அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி."

"முழங்கால் வலிக்குது."

"கொஞ்சம் தள்ளி ஒக்காரு."

"டாக்டரு அசையக் கூடாதுன்னாரு."

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இவர் சுத்தியலோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைசியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கால்களுக்கு அடியில் ஒட்டினார்.

மேசை முடிந்த அன்று ஒரு திருவிழாவே நடந்தது. முதலில் அதன்மேல் அம்மிக்கல்லை வைத்தார். பிறகு கல்லை இறக்கிவிட்டு அவரே ஏறி உட்கார்ந்தார். மேசை கிர்ரென்று முனகியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், பேத்தி முதல் வார்த்தை பேசியபோதுகூட நான் பார்க்காத சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் கனரக வண்டிகள் செய்யும் பேக்டரியில் தச்சு வேலை பார்த்து ரிடையர் ஆனவர். உட்கார்ந்து பார்த்தார், எழுந்து குனிந்து அடியில் பார்த்தார்.

"ஸ்ட்ராங்காத்தான் கீதுண்ணே. முளை அடிக்கலியா?"

"முளை எதுக்கு?"

"காலையும் பலகையையும் சேத்து குறுக்க ஒரு மரமுளை அடிச்சிட்டா, தூக்கினாலும் கழலாது."

"இன்னாத்துக்குத் தூக்கணும்?"

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் போன பிறகு இவர் சொன்னார், "பாவம், மேல வேலை செஞ்சவரு. மேல இருந்தவங்களுக்கு இதெல்லாம் புரியாது."

மறுநாள் காலையில் நான் பெருக்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் மேசையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். பலகை வந்தது. கால்கள் வரவில்லை. நான் பலகையோடு நிற்க, நாலு கால்களும் பஸ்ஸை விட்ட ஆட்கள் மாதிரி ஒரு நிமிஷம் அங்கேயே நின்றன. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

சத்தம் கேட்டு ஓடி வந்தார். "யாரு உன்ன தூக்கச் சொன்னது?"

"பெருக்கறேன்."

"சுத்திப் பெருக்கு."

"அடியில?"

"அடியில இன்னா கீது?"

இந்தக் கேள்வியைக் கல்யாணம் ஆனதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது, பீரோவுக்கு அடியில் என்ன இருக்கிறது. பூமிக்கு அடியில் போய் வேலை செய்த மனுஷனுக்கு வீட்டில் எதற்கு அடியிலும் ஒன்றும் இருக்காது.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கப் போகிறவள் நான். மருமகள் வேலைக்குப் போகிறவள், கொஞ்ச நாள்தான் கூட இருப்பாள். பிறகு நீங்களும் நானும்தான். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் மேசையை என் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்ள வேண்டும், திரும்பிப் படுத்தால் கொஞ்சம் தள்ளிவிட வேண்டும். அது முடியாவிட்டால் ஒவ்வொரு மடக்குக்கும் உங்களைக் கூப்பிட வேண்டும். உங்களுக்கு வெடிச் சத்தத்தில் போன காது. உங்களைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதும், ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரட்டும் என்று காத்திருப்பதும் ஒன்றுதான். எனக்கு நானே எடுத்துக் குடிக்கிற மாதிரி ஒரு மேசை வேண்டும், அவ்வளவுதான். ஒரு முளை அடித்தால் என்ன.

அவர் கொஞ்ச நேரம் காலின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கீழ யாராவது மாட்டிகினா, மரத்த ஒரே அடியில தட்டி எடுக்கணும். அப்பதான் ஆள வெளிய இழுக்கலாம். முளை அடிச்சா எப்டி எடுக்கறது? அதனாலதான் நாங்க அடிக்கறதில்ல."

அப்படி இழுத்த ஆட்களில் சிலரை எனக்கும் தெரியும். டீ போட்டுக் கொடுத்தேன். டீ குடித்து முடித்ததும், "ஆனா இது மேசை" என்றேன்.

"சரி, வேற செய்றன்."

வேறு செய்தார். பொளியை இன்னும் ஆழமாக வெட்டினார், கால்களை இன்னும் அகட்டினார், ஆப்பை இன்னும் பெரிதாக அடித்தார். இந்தத் தடவை தூக்கிப் பார்த்தபோது மூன்று கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்று மட்டும் பலகையோடு பாதி தூரம் வந்து, யோசித்து, விழுந்தது.

"பாத்தியா, ஒன்னு வந்துச்சு" என்றார்.

இப்போது வீட்டில் இரண்டு மேசைகள். மகன் போனில் கேட்டான். நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "சும்மா எதுக்கும்மா கஷ்டப்படறீங்க. நான் ஆர்டர் போட்டுடறேன், வீட்டுக்கே வந்துடும்" என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சுரங்கத்தை மூடிய வருஷம் முழுக்க அதைத்தான் பார்த்தேன்.

"வாணாம்டா" என்றேன் மகனிடம். "ரெண்டு மேசைக்கே எடமில்ல. மூணாவது வந்தா நான் போய் பரண்ல படுக்கணும்."

இப்படி மேசை பிரச்சினை தீராமலே ஆபரேஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். மயக்க ஊசி போட வந்த பெண், பாட்டி என்ன யோசிக்கிறீங்க, பயமா என்றாள். மேசை என்றேன். அவள் ஊசியைச் சீக்கிரமாகப் போட்டுவிட்டாள்.

திரும்பி வந்தபோது கட்டிலுக்கு ஒரு பக்கம் முதல் மேசை, இன்னொரு பக்கம் இரண்டாவது மேசை. நடுவில் நான், பாறை விழாமல் முட்டுக்கொடுத்த மாதிரி. மருமகளிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன். "தூக்காத. இழுக்காத. தள்ளாத."

"அப்ப இத்த வெச்சி இன்னா அத்தே பண்றது?"

"பாத்துக்கலாம்."

அவள் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் கேட்கும் முன் கையில் வரும். கால்களுக்கு நடுவில் துடைப்பத்தை விட்டு எப்படியோ பெருக்கிவிடுவாள். அவள் பெங்களூருக்குப் போன அன்று காலையிலேயே ஆரம்பமானது. சொம்பு ஒரு சாண் தள்ளி இருந்தது. மேசையை இழுத்தால் பலகை மட்டும் வந்துவிடுமே என்று பயம். கையை நீட்டினேன், விரல் நுனி பட்டது, பிடிக்க முடியவில்லை. கூப்பிட்டேன். அவர் கொல்லையில் கோழியோடு பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டினேன். எதிர்வீட்டுப் பெண் வந்தாள், பின்னால் நாய் வந்தது. எல்லோரும் போன பிறகு அவர் வந்து, "கூப்ட்டியா" என்றார்.

நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பெருக்கணும்" என்றேன்.

"பெருக்கறன்."

இவர் பெருக்குவது மண் வாருகிற மாதிரி. கண்ணுக்குத் தெரிகிற பெரியதெல்லாம் போகும், சின்னது எல்லாம் குடியிருக்கும். நான் படுத்துக்கொண்டே சூப்பர்வைசர் வேலை பார்த்தேன்.

"மேசைக்கு அடியில."

"அடியில ஒன்னியும் இல்ல."

"குனிஞ்சி பாருங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் தின்ற பிஸ்கட்டின் தூள் அத்தனையும் அங்கேதான் இருந்தது. எறும்பு வரிசை அதிலிருந்து புறப்பட்டு, மேசைக்காலில் ஏறி, என் தலையணைக்கு ரோடு போட்டிருந்தது. துடைப்பத்தை இந்தப் பக்கமாக விட்டார், கால் தடுத்தது. அந்தப் பக்கமாக விட்டார், அங்கேயும் கால். அவர் அகட்டிய கால்கள்தான். எறும்பு ஒன்று அவர் கையிலேயே ஏறியது. தட்டிவிட்டார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, மேசையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பலகை அவர் கையில். சொம்புத் தண்ணீர் அவர் காலில். மாத்திரைகள் சமையலறை வரைக்கும் உருண்டன. என் கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போனது. கால்கள் நாலும் மெதுவாக, மரியாதையாக விழுந்தன.

அவர் பலகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் சிரித்தால் உடம்பு குலுங்கி முழங்காலில் தையல் இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எடை போதலியா?" என்றேன்.

"எறும்பு" என்றார்.

அவ்வளவுதான். எறும்பு இல்லாவிட்டால் அவர் தூக்கியிருக்க மாட்டாராம். அதை அவர் சொல்லவில்லை, முகம் சொன்னது. தரையில் தவழ்ந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பொறுக்கினார். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் கண்ணாடியை எடுத்தார். எடுக்கும்போது அங்கே வேறு என்னென்னவெல்லாம் இருந்தன என்று பார்த்திருப்பார் போல, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். கையில் துளை போடுகிற கருவி.

"அண்ணி, எந்தத் தாழ்ப்பாளு கெட்டுப்போச்சி? தாழ்ப்பாளுக்குத் துளை போடணும்னு அண்ணன் கேட்டாரு."

"இந்த வீட்லயே ரொம்பப் பழைய தாழ்ப்பாளுதான்" என்றேன். "இத்தினி நாளா தொறக்காம இருந்துது."

அவர் கட்டில் பக்கம் பார்த்தார், மேசை இல்லாத இடத்தைப் பார்த்தார், கருவியை வைத்துவிட்டுச் சிரிக்காமல் போய்விட்டார். நல்ல மனுஷன்.

கொல்லையில் தட்டுகிற சத்தம் பொழுது சாய்கிறவரை கேட்டது. மேசையைக் கொண்டுவந்து வைத்தபோது பார்த்தேன். ஒவ்வொரு காலின் தலையிலும் குறுக்கே ஒரு மரமுளை. ஆனால் முளையை வெட்டிச் சமமாக்கவில்லை. இரண்டு பக்கமும் விரற்கடை அளவு நீட்டிக்கொண்டிருந்தது.

"இது ஏன் நீட்டிகினு கீது?"

"தட்டி எடுக்கணும்னா எடுக்கறதுக்கு."

"யாரு மாட்டிக்கப் போறா, இந்த மேசைக்கு அடியில?"

"உனக்குத் தெரியாது" என்றார்.

வந்த அன்றே அந்த முளை என் புடவையைக் கிழித்தது. போகிற வருகிறவர்கள் எல்லோர் புடவையையும் பிடித்து நிறுத்தி நலம் விசாரிக்கிறது. ஒரு அங்குலம் வெட்டுங்கள் என்று நான் சொல்ல, அவர் பார்க்கலாம் என்று சொல்ல, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது மேசைக்கு முளையே அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதுதான் சரியான மேசையாம். அதன்மேல் நான் எதுவும் வைப்பதில்லை. என் முழங்காலைப் பார்க்க வருகிறவர்களை அதில் உட்காரவைக்கிறேன். முனகினால் பயப்படாதீர்கள், முனகாவிட்டால் ஓடுங்கள் என்று சொல்லிவைக்கிறேன்.

முளை அடித்த மேசையை அன்று மாலையே இழுத்துப் பார்த்தேன். நாலு கால்களும் கூடவே வந்தன. சொம்பை எடுத்துக் குடித்தேன். தாகமே இல்லை, ஆனாலும் குடித்தேன். தள்ளிவிட்டேன், மறுபடி இழுத்தேன், மாத்திரையை எடுத்தேன், போனை எடுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

அவர் வாசலில் உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தார்.

"தண்ணி வோணுமா?"

"குடிச்சிட்டேன்."

"மாத்திர?"

"போட்டுகினேன்."

"கண்ணாடி?"

"மூக்குமேல கீது."

நின்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, மேசையைப் பலகையோடும் காலோடும் தூக்கிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, அடியில் சுத்தமாகப் பெருக்கினார். பெருக்கி முடித்ததும் மேசையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். என் கைக்கு எட்டவில்லை.

"இன்னாங்க, மேசை" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன், சத்தம்கூடப் போடவில்லை. உடனே திரும்பி வந்தார்.

"மறந்துட்டன்" என்று சொல்லி, மேசையைக் கொண்டுவந்து கட்டிலோடு ஒட்டிவைத்து, சொம்பை என் பக்கம் திருப்பிவைத்தார்.

இப்போது காலையில் ஒரு தடவை பெருக்குகிறார், டீ குடித்துவிட்டு ஒரு தடவை பெருக்குகிறார், சாப்பிட்டு எழுந்தால் ஒரு தடவை. தரையில் தூசி விழ நேரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் மேசை சுவர் ஓரத்துக்குப் போகிறது, ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுகிறார்.